ஞாயித்துக்கிழமை இணைப்புல ஊர் படத்துக்கு ஒரு மூலை குடுங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க ஞாயிறு இணைப்புல லீவுல பிள்ளைங்க என்னென்ன கத்துக்கலாம்னு ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க, நல்லா இருந்துச்சு. ஆனா ஓவியம்னு வர்ற எடத்துல கிளாஸ்ல சேருங்க, யூட்யூப் பாத்து வரைங்க, போட்டோ பாத்து வரைங்கன்னு மூணு வரியோட முடிச்சுட்டீங்க. ஒண்ணு விட்டுப்போச்சு. வெளிய போயி தெருவுல ஒரு ஓரமா உக்காந்து கண்ணு முன்னாடி இருக்கறத அங்கனயே வரையறது. அதப் பத்தி எழுதணும்னுதான் இந்த லெட்டர், பிள்ளைங்களுக்கு மட்டும் இல்ல, என்னைய மாதிரி பெரியவங்களுக்கும் சேத்துத்தான்.

நான் மதுரை, வயசு 49. பள்ளிக்கூடத்துல படிச்ச டிராயிங்கோட சரி, அப்பறம் எந்த கிளாசுக்கும் போனதில்ல. பொண்ணு காலேஜ் ஹாஸ்டலுக்கு போனப்பறம் ஞாயித்துக்கிழமை காலைல வீடு ரொம்ப அமைதியா இருந்துச்சு, ஒரு நாள் ஆறரை மணிக்கு காபி குடிச்சுட்டு கிளம்பி மீனாட்சி அம்மன் கோயில சுத்தி இருக்கற சித்திரை வீதிக்கு போயி உக்காந்தேன், அன்னைக்கு ஆரம்பிச்சது மூணு வருஷமாச்சு இன்னும் நிக்கல.

மொதல்ல சாமான் விஷயம், ஏன்னா எல்லாரும் அதுலதான் நின்னு போயிடறாங்க. ஆன்லைன்ல பாத்தா பெரிய பெரிய செட்டா காட்டும், அதெல்லாம் ஒண்ணும் வேணாம். நான் மொத நாள் எடுத்துட்டு போனது வீட்டுக்காரர் கடை பில் புக்கும் ஒரு நீல பால்பாயிண்ட் பேனாவும்தான், பில்லோட பின்பக்கத்துல வரஞ்சேன். பால்பாயிண்ட் ரொம்ப நல்ல சாமான், லேசா தொட்டா மங்கலா வரும் அழுத்தி இழுத்தா கருகருன்னு வரும். அழிக்க முடியாதே அப்படின்னு கேப்பாங்க, அதுதான் நல்லது, ரப்பர் கைல இருந்தா இருபது நிமிஷத்துல பதினஞ்சு நிமிஷம் அழிக்கறதுலயே போயிடும். கோடு தப்பா போச்சுன்னா பக்கத்துலயே சரியான கோட்ட போட்டுட்டு போயிட்டே இருக்கணும், முடிஞ்சப்பறம் பாத்தா அந்த தப்பு கோடு உறுத்தாது. கலர் வேணும்னு தோணும்போது மட்டும் ரெண்டு விஷயம் பாத்துக்கணும், சாதாரண ஜெல் பேனாவுல வரஞ்சு மேல வாட்டர்கலர் வச்சா மை கரைஞ்சு படம் பூரா ஒழுகிடும், அதனால வாட்டர்ப்ரூஃப் இங்க் பேனான்னு கேட்டு வாங்கணும், அப்பறம் பேப்பரோட கனத்த ஜிஎஸ்எம்னு ஒரு அளவுல சொல்லுவாங்க, நோட்டு பேப்பர் 70 ஜிஎஸ்எம் வாக்குலதான் இருக்கும், தண்ணி பட்டா சுருண்டுக்கும். நான் 300 ஜிஎஸ்எம் ஷீட்டா வாங்கி வீட்லயே போஸ்ட்கார்டு சைசுக்கு வெட்டி வச்சுக்குவேன், பொண்ணு பரீட்சைக்கு கொண்டுபோன கிளிப் அட்டை இருக்கு, அதுல சொருகிக்குவேன். சின்ன சைஸ்தான் ஆரம்பிக்கறவங்களுக்கு சரி, பெரிய பேப்பர எடுத்தா முடிக்க முடியாம பாதில எந்திரிச்சு வந்துருவோம்.

உக்கார எடம் அடுத்தது. முதுகுக்கு பின்னாடி சுவரு இருக்கணும், பின்னாடி ஆளு வந்து நின்னு எட்டிப்பாக்கறது மொதல்ல நமக்கு கூச்சமா இருக்கும். நிழல்ல உக்காரணும், வெயிலு வெள்ளை பேப்பர்ல பட்டுச்சுன்னா கண்ணு கூசி ஒண்ணும் தெரியாது. சித்திரை வீதில வண்டி போக்குவரத்து கிடையாது, அதனால ஆரம்பிக்கறதுக்கு அதவிட நல்ல எடம் மதுரைல எனக்கு தெரியல. காலைல 7 மணில இருந்து 9 மணி வரைக்கும், சாயங்காலம் 4 மணிக்கு மேல, இந்த நேரத்துலதான் நிழல் நீளமா விழுந்து எது முன்னாடி இருக்கு எது உள்ள தள்ளி இருக்குன்னு தெளிவா தெரியும். உச்சி வெயில்ல எல்லாமே தட்டையா ஆயிடும், மதுரை வெயில் மண்டையையும் பொளந்துரும். நிழல் நகந்துக்கிட்டே இருக்கும், அதனால உக்காந்த உடனே நிழல் எங்க எங்க விழுதுன்னு கோடு போட்டு வச்சுக்கணும், அப்பறம் அது நகந்தாலும் நம்ம மாத்தக்கூடாது.

இனி எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயத்துக்கு வரேன், மீனாட்சி அம்மன் கோயில் தெற்கு கோபுரம். நாலு வெளிக் கோபுரத்துல அதுதான் உசரம், 170 அடி, ஒம்பது நிலை, 1559ல கட்டுனது. பொறந்ததுல இருந்து பாத்துக்கிட்டு இருக்கேன். மொத தடவை வரையும்போது கீழ ரெண்டு பக்கமும் புள்ளி வச்சு மேல ரெண்டு பக்கமும் புள்ளி வச்சு நேர்கோடு இழுத்துட்டேன், நம்ம எல்லாரும் கோபுரம்னா அப்படித்தான போடுவோம். பாத்தா அது தெற்கு கோபுரமாவே இல்ல, வேற ஏதோ ஊர் கோபுரம் மாதிரி நிக்குது. மூணு வாரம் போட்டு மூணு வாரமும் அப்படியே. நாலாவது வாரம் பேனாவ கைல புடிச்சு கைய நேரா நீட்டி ஒரு கண்ண மூடிக்கிட்டு கோபுரத்தோட ஓரத்துல வச்சு பாத்தேன், பேனா நேரா இருக்கு கோபுரம் நேரா இல்ல, நடுவுல லேசா உள்பக்கமா வளைஞ்சு அப்பறம் மேல ஏறுது! நாப்பத்தாறு வருஷமா பாத்த கோபுரம் வளைஞ்சிருக்குன்னு அன்னைக்குதான் எனக்கு தெரியும், வீட்டுக்கு வந்து எல்லார்கிட்டயும் சொன்னேன், யாரும் கவனிச்சதே இல்லன்னாங்க.

அந்த பேனா நீட்டுற வேலை இருக்கே, அது தெரிஞ்சா பாதி படம் முடிஞ்ச மாதிரி. பேனா நுனிய கோபுரத்து உச்சில வச்சு கட்டைவிரல கீழ் நிலை வரைக்கும் இறக்கி அளவு எடுத்துக்கிட்டு, அகலம் அதுல எத்தன பங்குன்னு பாத்தா போதும், ஸ்கேல் வேணாம். கோபுரத்துல இருக்கற பொம்மைய எல்லாம் வரையணும்னு நினைச்சா அன்னைக்கே அட்டைய மூடிருவோம். ஒம்பது நிலைக்கும் ஒம்பது கோடு, மேல போகப்போக கொஞ்சம் கொஞ்சமா குறுகணும், நடுவுல வாசல் இருட்டு ஒம்பது, உச்சில கலசம், கீழ கல்லு வேலை நேரா நிக்கும், அதுக்கு மேல செங்கல், சுண்ணாம்புல செஞ்ச சுதை வேலை ஆரம்பிக்கற எடத்துல இருந்துதான் சரியும், இவ்வளவு போட்டுட்டு நிழல் பக்கத்துல மட்டும் பொடிப்பொடியா கிறுக்கி விட்டா பாக்கறவங்க கண்ணே பொம்மைய நிரப்பிக்கும். தெற்கு சித்திரை வீதில மேற்கால தள்ளி உக்காந்தா ஒரு பக்கம் வெயிலும் ஒரு பக்கம் நிழலுமா தெரியும், மார்கழி மாசம் காலைல இது ரொம்ப அழகா இருக்கும்.

தூரமா போகப்போக எல்லாம் சின்னதா தெரியறத அப்படியே பேப்பர்ல கொண்டு வர்றதுக்கு பெர்ஸ்பெக்டிவ்னு பேரு, அந்த பேர சொன்னா பயந்துக்கறாங்க. அதுக்கு கணக்கு வேணாம், ஒரே ஒரு கோடு போதும். நம்ம கண்ணு எந்த உசரத்துல இருக்கோ அந்த உசரத்துல பேப்பர்ல குறுக்க ஒரு கோடு. மாசி வீதில கடை வாசப்படில உக்காந்திருக்கேன்னு வைங்க, அந்த கோட்டுக்கு மேல இருக்கற கடை போர்டு, மாடி கைப்புடி சுவரு எல்லாம் தூரமா போகப்போக கீழ இறங்கி வரும், கோட்டுக்கு கீழ இருக்கற படி, ரோட்டோரம் எல்லாம் மேல ஏறி வரும். நான் உக்காந்திருக்கறதால அந்த கோடு நிக்கறவங்க இடுப்புல போகும், கிட்ட நிக்கறவருக்கும் இடுப்புதான், ரோட்டு கடைசில எறும்பு மாதிரி நிக்கறவருக்கும் இடுப்புதான். இத ஒரு தடவை நேர்ல போயி பாத்தீங்கன்னா அப்பறம் யாரும் சொல்லித்தர வேணாம்.

ஆளுங்கள வரையறதுதான் கஷ்டம், நகந்துக்கிட்டே இருப்பாங்க. தெற்கு வாசல் பக்கம் ஒரு பூக்கார அக்கா இருக்காங்க, நான் வரையற ஆள்ல அவங்கதான் ஒரே எடத்துல உக்காந்திருக்கறவங்க, ஆனா அவங்க கை நிக்காது. மல்லி நாலு எடுத்து ரெண்டு இந்தப்பக்கம் ரெண்டு அந்தப்பக்கமா வச்சு, நாரை சுத்தி விரல்ல ஒரு வளையம் போட்டு இழுத்து இறுக்கி அடுத்ததுக்கு போயிடும் கை, ஒரு கண்ணிக்கு ரெண்டு செகண்டு கூட ஆகாது. அஞ்சாறு வாரம் அந்த கை வரவே இல்ல. அப்பறம் தான் புரிஞ்சுச்சு, ஒவ்வொரு தடவையும் அந்த இழுத்து இறுக்கற நிமிஷத்துல கை ஒரே மாதிரி நிக்குது, அதுக்காக காத்திருந்து கொஞ்சம் கொஞ்சமா, ஒரு தடவைக்கு ஒரு விரல்னு சேத்தேன். "தாயி, என் கைல என்னத்த இவ்வளவு நேரம் பாக்குற"ன்னு கேட்டாங்க. காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்துட்டு சுண்டுவிரல காட்டி, இது கோணலால்ல இருக்கு, எனக்கு அப்படித்தான், சின்னதுல கதவுல நசுங்குச்சுன்னு சொன்னாங்க. அது கோணல்னு தெரியாமத்தான் நான் வரஞ்சேன், கண்ணு பாத்தத கை போட்டிருக்கு.

ஒரு எடத்துல மட்டும் கஷ்டம் வந்துச்சு. ஒரு பழைய கட்டடத்துக்கு எதிர்ல, ரோட்டோரமா உக்காந்து வரஞ்சதுக்கு காவலுக்கு இருந்தவர் வந்து பெர்மிஷன் இருக்கா, எதுக்கு படம் வரையறீங்கன்னு கேட்டு எந்திரிக்க வச்சுட்டாரு. போன்ல போட்டோ எடுத்துக்கிட்டு நூறு பேரு போறாங்க, அவங்கள யாரும் கேக்கல. மனசுக்கு ரொம்ப வலிச்சுச்சு. பொம்பள ஒத்தையா ரோட்ல உக்காந்து ஏதோ குறிச்சுக்கிட்டு இருந்தா சந்தேகமா பாக்கறது இன்னும் இருக்கு, இத பத்திரிகைல எழுதி எழுதித்தான் பழக்கப்படுத்தணும், நான் கேக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம். புதுசா ஆரம்பிக்கறவங்க ரெண்டு பேரா போங்க, யாராவது வந்து கேட்டா உடனே படத்த திருப்பி காட்டிருங்க, முக்கால்வாசி பேரு படத்த பாத்த உடனே சிரிச்சுருவாங்க.

வரையப் போனாத்தான் ஊரு பத்தி கேக்கத் தோணுது. விளக்குத்தூண் பக்கம் துணி எடுக்க எத்தனை தீபாவளிக்கு போயிருப்பேன், வரஞ்ச அன்னைக்குதான் இது யாருக்காக வச்சதுன்னு கேட்டேன். பிளாக்பர்ன்னு ஒரு கலெக்டர், 1840கள் வாக்குல கோட்டைச் சுவர இடிச்சு அகழிய மூடி ஊர பெருசாக்குனவரு, அவரு நினைவா வச்ச தூண். அந்த வேலைய முன்ன நின்னு பாத்தவங்க பேருதான் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும், வெளி வீதி கோட்டை இருந்த எடம். அதே மாதிரி புதுமண்டபத்துக்கு கிழக்கால ராயகோபுரம், கட்டி முடிக்காம நிக்கற அந்த பெரிய பெரிய கல்லுத்தூண கடைகளுக்கு நடுவுல தேடித்தான் பாக்கணும், முடிச்சிருந்தா எவ்வளவு பெருசா வந்திருக்கும்னு அந்த தூண் பக்கத்துல ஒரு ஆள வரஞ்சு வச்சாத்தான் தெரியுது.

இப்ப உங்ககிட்ட கேக்க வந்தது. ஞாயிறு இணைப்புல வாரம் ஒரு சின்ன கட்டம், வாசகர் நேர்ல உக்காந்து வரஞ்ச ஊர் படம் ஒண்ணு, எடம், தேதி, நேரம், நாலு வரி, இவ்வளவுதான். இது பத்திரிகைக்கு புதுசு இல்ல ஐயா. ஆனந்த விகடனுக்காக ஓவியர் சில்பி கோயில் கோயிலா போயி உக்காந்து வரஞ்சாரு, அத வெட்டி ஃப்ரேம் போட்டு பூஜை ரூம்ல வச்ச வீடெல்லாம் எனக்கு தெரியும். உலகம் பூரா இப்ப நூத்துக்கணக்கான ஊர்ல அர்பன் ஸ்கெட்சர்ஸ்னு கூடி உக்காந்து வரையறாங்களே, அத 2007ல ஆரம்பிச்ச கேப்ரியல் கம்பனாரியோவும் அமெரிக்கால சியாட்டில் டைம்ஸ் பேப்பர்ல ஓவியரா வேலை பாத்தவருதான், அவங்க ஊரப் பத்தி படமும் எழுத்துமா அதே பேப்பர்ல தொடர்ந்து போட்டாரு. நம்ம மதுரைலயே பொறந்த மனோகர் தேவதாஸ், பார்வை கொஞ்சம் கொஞ்சமா சுருங்கிக்கிட்டே வர்ற நோய் இருந்தும் இந்த ஊர பேனாவால கோடு கோடா வரஞ்சாரு, 2020ல பத்மஸ்ரீ குடுத்தாங்க, 2022 டிசம்பர்ல காலமானாரு. அவரு படத்துல இருக்கற மதுரைய இன்னைக்கு போயி தேடுனா பல எடம் இல்ல.

எனக்கே அது நடந்துச்சு. எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு ஓட்டு வீடு, ரெண்டு பக்கமும் திண்ணை, மரத்தூணு, சாயங்காலம் வயசான ரெண்டு பேரு உக்காந்து பேசிக்கிட்டு இருப்பாங்க. போன வருஷம் ஆவணி மாசம் வரஞ்சேன், இடது பக்க தூணு மட்டும் முடிக்கல, அடுத்த வாரம் வந்து போடலாம்னு விட்டுட்டேன். அடுத்த வாரம் போனா ஓடெல்லாம் இறக்கி அடுக்கி வச்சிருக்காங்க, திண்ணை பாதி உடைஞ்சு கெடக்கு. அந்த தூணு இன்னும் அந்த படத்துல முடியாமத்தான் இருக்கு. அந்த தெருவுல அந்த வீட்டுக்கு வேற படம் யார்கிட்டயும் இல்ல, விசாரிச்சுட்டேன்.

கட்டம் போட எடம் இல்லன்னா மாசம் ஒண்ணாவது போடுங்க. பிள்ளைங்க அனுப்புறது கோணலா இருந்தாலும் போடுங்க, பேனாவுல வரஞ்சு ஸ்கேன் பண்ணுனா பேப்பர்ல நல்லாவே அச்சாகும்.

இதோட பூக்கார அக்காவ வரஞ்ச கார்டு ஒண்ணு வச்சிருக்கேன். போட்டாலும் போடாட்டியும் கார்ட மட்டும் திருப்பி அனுப்பிருங்க, ஸ்டாம்ப் ஒட்டுன கவரும் உள்ளயே இருக்கு, தை பொங்கலுக்கு முன்னாடி அவங்க கைல தர்றதா சொல்லிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை.