ஜன்னல் வெயில் போதாது, கண்ணம்மா

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் இரண்டு ஆமைக்குஞ்சுகள். கண்ணாடி ஜன்னலை மூடிவைத்து, அதன் ஓரம் வெயிலில் விட்டிருக்கிறாய். "நாள் முழுக்க நல்ல வெயில், அப்பா" என்று கீழே ஒரு வரி. அந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

கண்ணாடி வழியே வருவது வெளிச்சமும் சூடும்தான். ஆமைக்கு வேண்டிய யுவிபி என்ற புறஊதாக் கதிரைச் சாதாரண ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகும். அது இருந்தால்தான் தின்ற தழையிலுள்ள கால்சியம் உடம்பில் சேரும். இல்லாவிட்டால் உடம்பு தன் எலும்பைக் கரைத்தே பிழைக்கப் பார்க்கும். ஆமைக்கு ஓடும் எலும்புதானே அம்மா.

உன்னிடம் சொன்னதில்லை. நீ பிறப்பதற்கு முன் நானும் ஓர் ஆமை வளர்த்தேன், இதேபோல ஜன்னலோரம். நன்றாகத்தான் தின்றது. குஞ்சின் ஓடு கொஞ்சம் இளகித்தான் இருக்கும்; ஆனால் இரண்டு வயதாகியும் என் கட்டைவிரலுக்கு அமுங்கியது. மருத்துவரிடம் ஓடினேன். காலம் கடந்திருந்தது. அந்த அமுங்கல் இன்னும் என் விரலில் இருக்கிறது.

ஊர்வனவற்றுக்கென்றே விற்கும் நீளமான, மெல்லிய யுவிபி குழல்விளக்கு வாங்கு; T5 என்று போட்டிருக்கும். சுருள் பல்பு வேண்டாம். அதன் கதிர் சின்ன வட்டத்துக்குள் நின்றுவிடும். நேர் மேலே மாட்டு. பக்கவாட்டில் வைத்தால் கண்ணில் அடிக்கும். எவ்வளவு உயரம் என்பது அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும். அதைத் தரையிலிருந்து அளக்காதே, ஓட்டின் மேலிருந்து அள. இடையில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ கூடாது. கம்பிவலைகூடக் கதிரில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

சூடு தரும் பல்பைப் பக்கத்திலேயே மாட்டு. கதிர் பட்டதும் தோலில் முதலில் உருவாகும் பொருள் டி3 ஆக மாற உடம்புச் சூடும் வேண்டும். அந்த இடம் 32 முதல் 35 டிகிரி இருக்கட்டும். மறுகோடியில் ஒளிந்துகொள்ள நிழல் கட்டாயம். பகலில் 12 மணி நேரம் எரியட்டும், இரவில் இருட்டு.

விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்போதே கதிர் குறைந்துபோகும். கண்ணுக்குத் தெரியாது. மாட்டிய தேதியை அதன் முனையில் எழுதி ஒட்டு. ஓராண்டுக்கு மேல் வைத்திருக்காதே. வெளியே இதமான வெயில் அடித்தால் தோட்டத்தில் விடு, நிழலோடு, நீ பக்கத்தில் இருந்துகொண்டு. கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்துவிடாதே, வெந்துபோகும்.

என்ன இனம் என்று எழுத மறந்துவிட்டாய். வெட்டவெளியில் வாழும் ஆமைக்கு வேண்டிய அளவு கதிர் அடர்காட்டு நிழலில் வாழும் ஆமைக்கு வேண்டாம். அதைத் தெரிந்துகொண்டு விளக்கு வாங்கலாம். இன்று இரவே எழுது.

அப்பா