தொட்டால் கவ்வும் பிரேக்

பாளையங்கோட்டை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உம்ம கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்த சேதி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதவேயில்லையே வே? ஆனித் தேரோட்டம் முடிந்து டவுன் இப்போதுதான் மூச்சு விடுகிறது. உங்கள் தென்காசிப் பக்கம் சாரல் பிடித்துக்கொண்டதாமே, கொடுத்துவைத்தவர். இங்கே காற்றும் புழுதியும்தான்.

சரி, அம்பாசிடர் விஷயத்துக்கு வருகிறேன். லேசாகக் கால் வைத்தாலே பிரேக் சடக்கென்று பிடிக்கிறது, மாஸ்டர் சிலிண்டரை, அதாவது பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற உருளையை, மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர். அவசரப்பட்டுக் காசைக் கொட்டாதீரும். மாஸ்டர் சிலிண்டர் போனால் பெடல் மெதுவாகத் தாழும், இல்லையென்றால் காலை எடுத்த பிறகும் பிரேக் விடாமல் உரசும். தொட்டதும் கவ்வுகிற சேட்டை பெரும்பாலும் டிரம்முக்குள்ளேதான், சக்கரத்தோடு சுற்றுகிற அந்த இரும்புக் கிண்ணத்துக்குள்ளேதான் இருக்கும். உள்ளே வளைந்த இரண்டு ஷூ, அதன் மேல் டிரம்மில் உரசுகிற பட்டைதான் லைனிங்.

தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதைப் பார்த்திருக்கிறீரே, உருளுகிற சக்கரமே கட்டையைத் தனக்குக் கீழே இழுத்துக்கொள்ளும். லீடிங் ஷூவும் அந்த மாதிரிதான். சுற்றுகிற டிரம்மே ஷூவைத் தன்மேல் இழுத்து அழுத்திக்கொள்கிறது. பழைய அம்பாசிடரில் முன்சக்கரத்து ஷூ இரண்டும் அந்த ஜாதி, பின்னால் ஒன்றுதான். அதனால் லைனிங்கின் உரசல் கொஞ்சம் ஏறினாலும் பிடி தாறுமாறாக ஏறிவிடும்.

முதலில், எப்போது கவ்வுகிறது என்று கவனியும். ராத்திரி சாரலில் நின்ற வண்டி காலையில் முதல் சில மிதிக்கு மட்டும் கவ்வினால், டிரம்மில் படிந்த மெல்லிய துரு. கொஞ்சம் ஓடினால் தானே சரியாகிவிடும். நாள் முழுக்கக் கவ்வினால், ஆள் இல்லாத ரோட்டில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஹேண்ட்பிரேக்கைப் பூட்டிக்கொள்ளாதபடி பிடித்து மெதுவாக இழுத்துப் பாரும். அது பின்சக்கரத்துக்கு மட்டும்தான் வேலை செய்யும். அதிலும் கவ்வினால் கோளாறு பின்னால் என்று அர்த்தம்.

எனக்குப் பின் ஆக்சில் எண்ணெய் வெளியே வராமல் அடைக்கிற ஆயில் சீல் மேல்தான் சந்தேகம். பழைய வண்டியில் சீல் கசிந்து கியர் ஆயில் லைனிங்கில் ஏறும். நிறைய ஊறினால் பிரேக் வழுக்கும், லேசாகப் பட்டால் பிசுபிசுத்துக் கவ்வும். இதை முக்கால்வாசிப் பேர் நம்பமாட்டார்கள். டிரம்மைக் கழற்றி, லைனிங்கில் கருத்து மினுங்குகிற திட்டு இருக்கிறதா, ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் ரப்பர் மூடிக்கு அடியில் ஈரம் இருக்கிறதா என்று பாரும். பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடுவதெல்லாம் வீண் வேலை. சூடானதும் உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடி வெளியே வரும். சீலையோ சிலிண்டரையோ முதலில் சரிபண்ணிவிட்டு, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து லைனிங் மாற்றும். அப்புறம், அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதவிடாதீரும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், நெஞ்சுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

புது லைனிங் போட்டபிறகுதான் இந்தத் தொல்லை வந்தது என்றால் கதை வேறு. லைனிங் முழுக்கச் சாக்பீஸ் தேய்த்து, டிரம்மை மாட்டி, சக்கரத்தைக் கையால் சுற்றி லேசாக பிரேக் கொடுத்துக் கழற்றிப் பாரும். சாக்பீஸ் இரண்டு முனையில் மட்டும் அழிந்திருந்தால், லைனிங்கின் வளைவு டிரம்மோடு உட்காரவில்லை. முனைகளை அரத்தால் சரிவாக ராவி, உயரமான இடத்தைத் தேய்த்துக் குறைக்க வேண்டும். பொறுமையான ஆள் கையில் கொடும். பெடல் காலுக்கடியில் துடித்தால் டிரம் வட்டம் கெட்டு ஓவலாகியிருக்கும், லேத்தில் கொடுத்துக் கடையணும். வண்டி ஒரே பக்கம் இழுத்தால் பிரேக் ஆயில் போகிற பழைய ரப்பர் ஹோஸையும் சந்தேகப்படும்.

இது முடியும்வரை செங்கோட்டைக்கு மேலே மலை ரோட்டுக்கு வண்டியை எடுக்காதீரும், மழை ஈரத்தில் ஒரு சக்கரம் மட்டும் பூட்டிக்கொண்டால் வண்டி திரும்பி நிற்கும். டிரம்மைக் கழற்றியதும் என்ன தெரிந்தது என்று எழுதும். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லும்.

அன்புடன்,
உம்ம பழைய கூட்டாளி