டெல்லித் தராசு நெல்லையில் ஏன் குறைத்துக் காட்டுகிறது?

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

புதுத் தராசை வாங்கியதும் பெட்டியைப் பிரித்து யாவாரத்தைத் தொடங்க வேண்டியதுதானே, எடைக்கல் வைத்துச் சரிசெய்ய வேண்டும் என்று ஏன் இழுக்கிறீர்கள் என்று பலரும் கேட்கிறீர்கள்.

எலக்ட்ரானிக் தராசுக்குக் கிலோ தெரியாது. பூமியின் இழுப்பில் தட்டுக்கு அடியிலுள்ள லோடு செல் என்ற, எடையை உணரும் உலோகத் துண்டு மயிரிழை அளவு வளையும். அந்த வளைவைத்தான் அது கிராமாக்கிக் காட்டுகிறது. தெற்கே வர வர அந்த இழுப்பு குறையும். டெல்லியில் சரிசெய்த தராசை நெல்லையில் அப்படியே வைத்தால் 10 கிலோவுக்குச் சுமார் 10 கிராம் குறைவாகக் காட்டும். 50 கிலோ அரிசி மூட்டைக்கு 50 கிராம். அதை ஈடுகட்ட நீங்கள் அள்ளிப் போடுவது உங்கள் கைச்சரக்கு. பழைய தட்டுத் தராசில் இந்த வம்பு இல்லை. இரண்டு தட்டுக்கும் ஒரே இழுப்புதான்.

கிலோ என்பது பொருளின் நிறை, ஊருக்கு ஊர் மாறாது. 1795-ல் பிரான்சில் பனிக்கட்டி உருகும் குளிரில் உள்ள 1 கன சென்டிமீட்டர் தண்ணீரை 1 கிராம் என்றார்கள். 1889 முதல் பாரிஸ் அருகே பூட்டி வைத்த பிளாட்டினம்-இரிடியம் உருளைதான் கிலோ. அதன் நகல்களோடு ஒப்பிட்டபோது மைக்ரோகிராம் கணக்கில் வித்தியாசம் தெரிந்ததால், 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலி என்ற, இயற்கையில் எங்கும் மாறாத ஓர் அளவைக் கொண்டு கிலோவை வரையறுக்கிறார்கள். நம் நாட்டில் சேர் என்ற பழைய எடை அளவை ஒதுக்கிவிட்டுக் கிலோவைக் கொண்டுவந்தது 1956-ஆம் ஆண்டுச் சட்டம்.

தண்ணீர்க் கணக்கை நம்பி ஒரு லிட்டர் பாட்டிலை வைத்துத் தராசைச் சோதிக்காதீர்கள். நம்மூர் 30 டிகிரி வெயிலில் சரியான ஒரு லிட்டரே 996 கிராம்தான். பாட்டிலின் எடை வேறு.

அரசு முத்திரையுள்ள எடைக்கல்லால் சோதியுங்கள். முதலில் நீர்மட்டக் குமிழி நடுவில் நிற்க வேண்டும். 15 நிமிடம் ஓடவிட்டு, ஃபேனை நிறுத்தி, பூஜ்யம் வந்ததும் கல்லை நடுவிலும் நான்கு மூலையிலும் வையுங்கள். மூலைக்கு மூலை மாறினால் பெரும்பாலும் மூட்டையைத் தொப்பென்று போட்டு லோடு செல் வளைந்திருக்கும். கல்லை எடுத்த பிறகும் பூஜ்யத்துக்குத் திரும்பாவிட்டால் தட்டைக் கழற்றிப் பாருங்கள். அல்வா, கருப்பட்டிக் கடைகளில் அடியில் பிசுக்கும் எறும்பும்தான் இருக்கும். ஈரத்துணியால் துடையுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம்.

ஈய முத்திரையை மட்டும் தொடாதீர்கள். அது அறுந்தால் மறு முத்திரை போடாமல் யாவாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. அறாவிட்டாலும் எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை முத்திரை கட்டாயம். உங்கள் சான்றிதழில் தேதி இருக்கிறது. கெடுவுக்குப் பதினைந்து நாள் முன்னதாகச் சொன்னால் கல்லோடு கடைக்கே வருகிறோம்.

இப்படிக்கு,
தராசு விற்பனை, பழுதுபார்ப்பு நிலையத்தார்,
திருநெல்வேலி டவுன்