சதவீதம் ஏறினால் கல் நெருங்குகிறது என்று பொருளல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பூமியை நெருங்கும் சிறுகோள்களைப் பற்றி எழுதும்போது மோதும் வாய்ப்பைச் சதவீதத்தில் தருகிறீர்கள். எத்தனை நாள் பார்த்துப் போட்ட கணக்கு அது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

'2024 ஒய்ஆர்4' என்ற சிறுகோள் 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதக்கூடும் என்றார்கள். விழ வாய்ப்புள்ள நீண்ட பட்டையில் தெற்காசியாவும் வந்ததால் சென்னையிலும் கலக்கம். 2025 பிப்ரவரியில் வாய்ப்பு 3.1 சதவீதம் வரை ஏறி, சில நாட்களிலேயே சரிந்தது. பூமிக்கு ஆபத்தில்லை என்றது நாசா. முதலில் போட்ட கணக்கு தப்பா என்று பலர் கேட்கிறார்கள். தப்பில்லை.

கொஞ்ச நாள் மட்டும் பார்த்த கல், பல ஆண்டு கழித்து எங்கே இருக்கும் என்பது புள்ளியாகக் கிடைக்காது, நீண்ட கோடாகத்தான் கிடைக்கும். கோடு 10 லட்சம் கி.மீ., அதன் மேல் பூமி என்று வைத்துக்கொள்ளுங்கள். பூமியின் விட்டம் 12,756 கி.மீ.; வாய்ப்பு சுமார் 1.3 சதவீதம். இன்னும் சில இரவுகள் பார்த்ததும் கோடு 4 லட்சமாகச் சுருங்குகிறது. பூமி இன்னமும் அதன் மேல் இருந்தால் வாய்ப்பு 3.2. கல் இம்மிகூட நெருங்கவில்லை, கோடுதான் குறுகியது. மேலும் குறுகிப் பூமி கோட்டுக்கு வெளியே போய்விட்டால் பூஜ்ஜியம்.

சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி 2024 ஒய்ஆர்4 கல்லைக் கண்டது 2024 டிசம்பர் 27. அதற்கு இரண்டு நாள் முன்பே அது பூமியைக் கடந்துவிட்டது. விலகிப் போகும் கல் நாளுக்கு நாள் மங்கும். கோட்டைச் சுருக்கக் கிடைக்கும் இரவுகள் குறைவு. சூரியன் இருக்கும் திசையிலிருந்து வருவது இன்னும் மோசம், வெளிச்சத்தில் தெரியாது. அப்படி வந்து 2013-ல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகர் மேல் வெடித்த சுமார் 20 மீட்டர் கல்லை முன்கூட்டி யாருமே பார்க்கவில்லை. காயமடைந்த சுமார் 1,500 பேரில் பலரைக் கிழித்தது உடைந்த ஜன்னல் கண்ணாடி.

2022-ல் நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்ற சிறுகோள் மீது மோதி, அது இன்னொரு சிறுகோளைச் சுற்றிவரும் காலத்தை 32 நிமிடம் குறைத்தது. ஆனால் மோதித் திசைதிருப்பும் இந்த முறைக்கு அவகாசம் வேண்டும்: கல்லின் வேகம் நொடிக்கு 1 செ.மீ. மாறினாலும் 10 ஆண்டில் 3,000 கி.மீ. விலகும், 10 நாளில் 9 கி.மீ.கூட விலகாது. அதனால்தான் முன்கூட்டிக் கண்டுபிடிப்பதே பெரிய வேலை என்கிறேன். இப்படித் தேடும் தொலைநோக்கிகள் உள்ள சிலியிலும் ஹவாயிலும் பகலாக இருக்கையில் இங்கே இரவு. 1988-ல் 'ராமானுஜன்' சிறுகோளைக் கண்டுபிடித்த நம் காவலூர் வானாய்வகத்துக்கு இந்தத் தொடர் கண்காணிப்பில் நிரந்தர இடம் வேண்டும்.

2004 டிசம்பரில், சுனாமி தாக்கிய அதே வாரம், அபோஃபிஸ் என்ற சிறுகோள் 2029-ல் மோதும் வாய்ப்பு 2.7 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் எடுத்த பழைய படங்களில் அதே கல் அகப்பட்டதும் அந்த பயம் நீங்கியது. 2029 ஏப்ரல் 13 அன்று அது 32,000 கி.மீ. தூரத்தில், நம் இன்சாட் செயற்கைக்கோள்களைவிடக் கிட்டத்தில், மோதாமல் கடக்கும். அதை வைத்து வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பும் முன்பே இந்தக் கணக்கை ஒரு படமாக வரைந்து வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர், கோட்டூர்புரம், சென்னை