புதுக் கணினி ஓடவில்லை என்றால் பாகத்தின் மீது பழி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பிள்ளைகள் பாகங்களை இணையத்தில் தனித்தனியாக வாங்கி, வீட்டிலேயே கணினி பூட்டுவது சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலும் பெருகிவருகிறது. மனமார வரவேற்கிறேன். ஆனால், பொத்தானை அழுத்தியும் படம் வராவிட்டால் ‘மதர்போர்டு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் தாய்ப்பலகை) போய்விட்டது’ என்று அவசரமாக முடிவுகட்டி, நல்ல பாகத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இல்லையேல் ஈப்போ நகரக் கடைகளுக்குத் தூக்கிச் சென்று பணம் கொடுக்கிறார்கள். பாகம் கெட்டே வருவதும் உண்டு. என்றாலும் பெரும்பாலும் காரணம் பூட்டிய விதத்தில்தான் இருக்கும்.

முதலில் கணினி என்ன செய்கிறது என்று கவனியுங்கள். விசிறி அசையவே இல்லையா, ஓரிரு நொடி சுழன்று நிற்கிறதா, எல்லாம் ஓடியும் திரை கறுப்பாகவே இருக்கிறதா? மூன்றுக்கும் காரணம் வேறு.

அசைவே இல்லை என்றால் பவர் சப்ளையின் (கணினிக்கு மின்சாரம் வழங்கும் பாகம்) பின்பக்க சுவிட்ச், பிளக்கில் உள்ள 13 ஆம்பியர் பியூஸ், மதர்போர்டின் 24 பின் (ஊசி) கேபிள் மூன்றையும் பாருங்கள். அந்தக் கேபிளின் கொக்கி ‘டக்’கென்று மாட்டும் வரை அழுத்த வேண்டும். அடுத்து, கணினிப் பெட்டியின் பவர் பொத்தான் ஒயர். அதைக் கழற்றிவிட்டு, அது செருகியிருக்க வேண்டிய இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள். கணினி ஓடினால், ஒயரைத் தவறான இடத்தில் செருகியிருக்கிறீர்கள் அல்லது பொத்தான் பழுது. பழைய பவர் சப்ளையில் 115/230 என்று சிவப்புச் சுவிட்ச் இருந்தால் நம் மலேசியாவில் 230-இல்தான் இருக்க வேண்டும். 115-இல் வைத்து ஓட்டினால் வெடித்துவிடும்.

சுழன்று உடனே நின்றால் ஷார்ட் சர்க்கியூட்டைச் சந்தேகியுங்கள். மதர்போர்டில் திருகுத் துளை இல்லாத இடத்துக்கு அடியில் பித்தளைத் தாங்கி ஒன்று மிஞ்சியிருந்தாலே போதும். போர்டை வெளியே எடுத்து அட்டைப் பெட்டி மீது வைத்து, பிராசஸர் (கணினியின் மூளையான ‘சிபியு’), அதன் சூட்டைத் தணிக்கும் கூலர், ஒரே ஒரு ரேம் (தற்காலிக நினைவகப் பலகை) ஆகியவற்றை மட்டும் பூட்டி ஓட்டிப் பாருங்கள்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது மூன்றாவதில், அதாவது எல்லாம் ஓடியும் திரை கறுப்பாக இருப்பதில். பிராசஸருக்கு மேல்மூலையில் தனி 8 பின் மின்கேபிள் உண்டு; அதை மறந்தால் விசிறி ஓடும், படம் வராது. கிராபிக்ஸ் கார்டின் (திரைக்குப் படம் தரும் தனி அட்டை) 8 பின் கேபிளும் பார்க்க அதே போல இருக்கும், ஆனால் அதில் 12 வோல்ட்டும் எர்த்தும் இடம் மாறியிருக்கும். பலவந்தமாகச் செருகாதீர்கள். கேபிளின் தலையில் ‘சிபியு’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து எடுங்கள். கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில்தான் இருக்க வேண்டும். இன்டெல் பிராசஸரின் மாடல் எண்ணின் முடிவில் ‘எஃப்’ இருந்தால் அந்தப் பிராசஸரில் படம் தரும் பகுதியே கிடையாது.

ரேம் ஒன்று மட்டும் இருந்தால், நான்கு இடமுள்ள பெரும்பாலான போர்டுகளில், பிராசஸரிலிருந்து எண்ணி 2-ஆவது இடத்தில் செருகுங்கள். இரண்டு இருந்தால் 2-இலும் 4-இலும். டிடிஆர்5 என்ற புதுவகை ரேம் முதல்முறை ஓடும்போது போர்டு அதைச் சோதித்துப் பழகிக்கொள்கிறது. சில போர்டுகளில் இதற்குப் பல நிமிடங்கள் பிடிக்கும், திரை கறுப்பாகவே இருக்கும். பயந்து மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். பொறுமையாக 15 நிமிடம் விடுங்கள். போர்டில் எரியும் சிறு விளக்குகள் சிபியு, ரேம், கிராபிக்ஸ், டிஸ்க் ஆகியவற்றில் எதில் தடை என்று காட்டும்.

பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) பழையதாக இருந்தாலும் இதே நிலைதான். 2022-இல் வந்த பி650 வகை போர்டுக்கு 2024-இன் ஏஎம்டி ரைசன் 9000 வரிசை பிராசஸரைத் தெரியாமல் இருக்கலாம். எஃப்ஏடி32 என்ற கோப்பு முறையில் பார்மேட் செய்த யுஎஸ்பியில் புதிய பயாஸைப் போட்டு, போர்டில் பிளாஷ்பேக் (பயாஸ் ஏற்றும்) பொத்தான் இருந்தால் பிராசஸர் இல்லாமலே ஏற்றலாம். நடுவில் மின்சாரம் போனால் பயாஸ் கெட்டுவிடும் என்பதால், இடி மின்னல் வரும் மாலை நேரத்தில் வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை: கழற்றி மாட்டும் பவர் சப்ளை கேபிள்களை வேறொரு பவர் சப்ளையில் செருகவே கூடாது. பவர் சப்ளைப் பக்கத்து முனைக்குப் பொதுவான அமைப்பு கிடையாது. செருகிய மறு கணமே டிஸ்க் எரிந்துபோகலாம்.

பழைய லயன் (தோட்டத் தொழிலாளர் வரிசை) வீடுகளில் கணினிப் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிப்பதாகச் சொல்கிறார்கள். அது பெரும்பாலும் கணினியின் குற்றமல்ல. பவர் சப்ளையின் வடிகட்டியிலிருந்து மிகச் சிறிய மின்சாரம் எர்த் வழியே போக வேண்டும். சுவரில் எர்த் இல்லாததால் பெட்டியிலேயே நிற்கிறது. இரண்டு பின் அடாப்டர் போட்டுச் சமாளிக்காமல், பதிவு பெற்ற வயர்மேனை அழைத்து எர்த்தைச் சரிபாருங்கள். தோட்ட நிர்வாகங்கள் இதைத் தங்கள் செலவில் செய்து தர வேண்டும். போர்டு விற்கும் கடைகளும் எந்தப் பயாஸ் ஏற்றப்பட்டுள்ளது என்பதைப் பெட்டியில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர்,
சுங்கை சிப்புட், பேராக்