இட்டேரி முனையில் நின்று பார்த்தேன்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன மாதம் நம் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், தோட்டத்திலிருந்து எக்ஸெல் வண்டியில் வந்து தாராபுரம் ரோட்டில் ஏறும்போது காரில் அடிபட்டது உங்களுக்குத் தெரியும். காலில் தகடு வைத்திருக்கிறார்கள். தப்பு யார் மேல் என்று டீக்கடையில் இன்னும் பேச்சு ஓய்ந்தபாடில்லை. மறுநாள் அந்த முனையில் போய் அரை மணி நேரம் நின்றேன்.

அது பழைய இட்டேரி. இரண்டு பக்கமும் கொறங்காட்டு, அதாவது மேய்ச்சல் காட்டுக் கிளுவை வேலி, நடுவில் வண்டித்தடம். மாட்டுவண்டிக் காலத்தில் வேலி கண்ணை மறைத்தாலும் பாதகமில்லை. மாடு நடக்கிற வேகத்துக்கு முனையில் நிறுத்தி எட்டிப் பார்க்க முடிந்தது. இப்போது தார் போட்டாயிற்று, வேலி மட்டும் அப்படியே நிற்கிறது. பையன் வந்த இடத்திலிருந்து பார்த்தால் மெயின் ரோட்டில் இருபது மீட்டர் தெரிந்தால் பெரிது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் ஒரு நொடியில் 22 மீட்டர் வந்துவிடும். ஒன்பதாம் வகுப்புக் கணக்குத்தான், அவனே போட்டிருப்பான். கார் வருகிறது, பிரேக் பிடிக்கவேண்டும் என்று புத்திக்கு எட்டவே ஒரு நொடி ஆகும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

மத்திய அரசின் 2022ஆம் ஆண்டு கணக்குப்படி, தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள். நாட்டிலேயே அதிகம் இங்கேதான். இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுக்க எடுத்தால், சாலையில் உயிர்விட்ட நூறு பேரில் 44 பேர் இருசக்கர வண்டிக்காரர்கள். மூன்றில் இரண்டு பங்குச் சாவு கிராமப்புறத்தில். விபத்து அதிகம் நடக்கிற நேரம் சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை. நம் ஊரில் அந்த நேரம் எப்படி என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஷிப்ட் முடிந்து கம்பெனி வேன்கள் திரும்புகின்றன, பின்னால் லைட்டோ சிவப்பு ஸ்டிக்கரோ இல்லாத டிராக்டர் மட்டை ஏற்றிப் போகிறது, ரோட்டோரம் கொள்ளு காயப்போட்டுக் கல்லை வைத்திருக்கிறார்கள். தைப்பூசம் வந்தால் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வேறு. டியூஷன் முடித்து நம் பிள்ளைகளும் அதே நேரத்தில்தான் வருகிறார்கள்.

"எக்ஸெல் தானுங்களே சார், பெரிய வண்டி இல்லீங்களே" என்று ஒரு அப்பா கேட்டார். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 16 வயதில் ஓட்டலாம் என்பது கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு, அதுவும் லைசென்ஸ் எடுத்தால். எக்ஸெல் 100 அதைப்போல இரண்டு மடங்கு, அதற்கு 18 ஆகவேண்டும். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, வயது வராத பிள்ளை குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. எதிரில் வந்தவருக்கு அடிபட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த நஷ்டஈட்டை உங்களிடமே திருப்பிக் கேட்கலாம். தோட்டத்தை விற்கும்படி ஆகிவிடும்.

நானும் யோக்கியன் இல்லை. என் மகன் பத்தாவது படிக்கும்போது பால் கேனைக் கட்டிக்கொடுத்து சொசைட்டிக்கு வண்டியில் அனுப்பினவன்தான். ஒன்றும் ஆகவில்லை. அதிர்ஷ்டம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் தெரியவில்லை.

பள்ளிக் கேட்டுக்குள் வண்டி விடமாட்டேன் என்று சொன்னதும், பிள்ளைகள் டீக்கடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்கள். எண்ணிப் பார்த்தால் இரண்டு கை விரல் போதவில்லை. அப்படியானால் நான் போட்ட விதியில்தான் ஓட்டை. காலை டவுன் பஸ் நேரத்துக்கு வருவதில்லை என்கிறீர்கள், உண்மைதான். அதனால் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருகிற பிள்ளை தாமதமானால் வெளியே நிறுத்தமாட்டோம். பிரேயர் முடிந்தே வரட்டும். பதினொன்றாம் வகுப்பில் வாங்கிய இலவச சைக்கிள் பல வீடுகளில் கட்டுத்தரையில் சாய்ந்து கிடக்கிறது, அதைத் துடைத்து எடுங்கள்.

நீங்களே கொண்டுவந்து விடுவதானால், பின்னால் உட்காரும் பிள்ளைக்கும் ஹெல்மெட் வேண்டும். நாலு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் சட்டம் அதுதான்.

அப்புறம், அன்றைக்கு அடிபட்ட பையனைச் சுற்றிக் கூட்டம் நின்றது, தூக்க ஆள் வரவில்லை என்றார்கள். போலீஸ் கேஸ் என்ற பயம். உதவுகிறவர் மேல் வழக்கு வராது, பெயர் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை, அதற்கும் சட்டம் இருக்கிறது. 108க்கு அடியுங்கள். தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், அரசு வைத்திருக்கும் வரம்புக்குள் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு வாங்கமாட்டார்கள்.

சரி, வேலிக்கு வருகிறேன். காட்டுக்காரரிடம் பேசிவிட்டேன். ரோட்டு முனையிலிருந்து இரண்டு பக்கமும் இடுப்பளவுக்கு வெட்டிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார், ஆடு உள்ளே புகாமல் இருந்தால் போதுமாம். வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு ஒருவர் அரிவாளோடு வாருங்கள். கிளுவை முள் பொல்லாதது, செருப்பு போட்டுக்கொண்டு வரவும். டீ என் செலவு.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்