மிட்செல் மலையில் கூடாரம் போடுவோர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு,

வட கரோலினாவின் மிட்செல் மலை மாநிலப் பூங்கா பற்றிய கட்டுரையில் காட்சி வருணனை நன்று. குளிரைப் பற்றித்தான் ஒரு வரிகூட இல்லை. 6,684 அடி உயரச் சிகரம் அது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அமெரிக்காவில் அதைவிட உயர்ந்தது கிடையாது. அருகிலுள்ள ஆஷ்வில் நகரில் 28 டிகிரி செல்சியஸ் என்றால் மேலே 19தான். ஜூலை இரவிலும் 10 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும்.

குளிரைவிட மோசம் ஈரம். மேகம் மரங்களுக்குள்ளேயே புகுந்து நிற்கும். பருத்தி உடை நனைந்தால் லேசில் காயாது. கம்பளியோ பாலியெஸ்டரோதான் சரி. தூக்கப்பைக்கு அடியில் நுரைப்பாய் கட்டாயம். உடல் எடையில் பையின் பஞ்சு அமுங்கிவிடுவதால் தரைக்குளிர் நேராக முதுகில் ஏறும். குளிருக்குப் பயந்து கூடாரத்தின் காற்றுத் திறப்புகளை அடைத்தால், நாம் விட்ட மூச்சே விடியற்காலையில் கூரையிலிருந்து சொட்டும்.

அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வைத்தால் கேஸ்தான் தீரும்; 2 லிட்டர் குக்கர் கொண்டுபோகலாம், அல்லது ரவை உப்புமாவோடு நிறுத்திக்கொள்ளலாம். கருங்கரடி நடமாடும் காடு என்பதால் ஊறுகாய், பற்பசை உட்பட வாசனையுள்ள எதையும் கூடாரத்துக்குள் வைக்காமல் காரில் பூட்டுங்கள்.

வண்டி நிறுத்துமிடத்திலிருந்து உச்சி மேடைக்குச் சில நிமிட நடைதான். அதை வைத்து அதே பூங்காவின் டீப் கேப் மலையேற்றப் பாதையை எடைபோட வேண்டாம்: வழியில் வரும் பிக் டாம் சிகரத்தைத் தாண்டினால் கயிறு பிடித்து இறங்கும் பாறைச் சரிவு.

- ஒரு வாசகர், ராலே